பாஸ்குவெத்தாவுக்கு ஐந்து கோர்ஸ் பிக்னிக்: அடுப்பில்லாமல் முடியுமா?

24 மார்ச் 2025, காலை 8.40 | கேட்டவர் (மிலான்)

ஏப்ரல் 21 பாஸ்குவெத்தா, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கள். 8 பேர், இரண்டு கார், ஏரிக்கரைப் புல்வெளி. அங்கே தீ மூட்டத் தடை, கேஸ் அடுப்புக்கும் தடை. அந்திபாஸ்தோ (தொடக்கக் கொறிப்பு), பிரிமோ (பாஸ்தா, அரிசி, மாவு வகை), செகோந்தோ (இறைச்சி), கொந்தோர்னோ (தொட்டுக்கொள்ளக் காய்கறி), தோல்சே (இனிப்பு) என்று முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாற ஆசை. "பனினி (சாண்ட்விச்) கட்டிக்கிட்டுப் போ, ஆறின பாஸ்தாவை எவன் தின்பான்" என்கிறார் கூட வேலை பார்க்கும் இத்தாலியர். அவர் சொல்வது சரியா? கோர்ஸ் கோர்ஸாகத்தான் வேண்டுமா, இல்லை எல்லாவற்றையும் விரிப்பில் பரப்பிவிட்டு அவரவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

24 மார்ச், இரவு 9.15 | நாப்போலி

பாதி சரி. சாஸில் நீந்தும் பாஸ்தா ஆறினால் களிதான். ஆனால் ஆறவைத்துத் தின்பதற்கென்றே பிறந்த பாஸ்தா ஒன்று இருக்கிறது: ஃப்ரித்தாத்தா தி மக்கெரோனி. பாஸ்தாவும் முட்டையும் சேர்த்துத் தட்டிய கனமான அடை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாப்போலிக்காரர்கள் கடற்கரைக்கும் மலைக்கும் கட்டிக்கொண்டு போவது இதைத்தான். மறுநாள்தான் ருசி கூடும்.

பரப்பி வைப்பது பற்றி: வேண்டாம். இலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரிமாறிப் பழகிய நமக்குக் கோர்ஸ் பிரிப்பது வீண் பந்தாவாகத் தெரியும். பிக்னிக்கில் அது வெறும் நடைமுறை. பாஸ்குவெத்தா சாப்பாடு மூன்று மணி நேரம் ஓடும். இறைச்சியும் முட்டையும் ஐஸ் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் பரப்பினால், கடைசியில் தின்கிற வில்லை மூன்று மணி நேரம் வெயில் காய்ந்தது. கோர்ஸாக எடுத்தால், தின்பது மட்டும்தான் வெளியே இருக்கும், மற்றது குளிரில் இருக்கும். எறும்புக்கும் ஒரே டப்பாதான் இலக்கு.

முதல் வரைவு, 8 பேருக்கு:

அந்திபாஸ்தோ: தோர்த்தா பாஸ்குவலீனா (கீரை, ரிகோத்தா பால்கட்டி, முழு முட்டை வைத்து மூடிய அடுக்கு மாவுப் பண்டம்), சலாமி (உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சி), ஒலிவ்.
பிரிமோ: ஃப்ரித்தாத்தா தி மக்கெரோனி.
செகோந்தோ: வித்தெல்லோ தொன்னாத்தோ (டூனா மீன் சாஸில் ஆறிய கன்றிறைச்சி).
கொந்தோர்னோ: கபோனாத்தா.
தோல்சே: பஸ்தியேரா (வேகவைத்த கோதுமையும் ரிகோத்தாவும் போட்டுச் சுடும் ஈஸ்டர் இனிப்பு).
காப்பி பிளாஸ்கில்.

24 மார்ச், இரவு 9.50 | நாப்போலி

அளவு சொல்ல விட்டுப்போனது. வீட்டில் பாஸ்தா மட்டும் சாப்பிடும்போது ஆளுக்கு 80 முதல் 100 கிராம் உலர் பாஸ்தா. ஐந்து கோர்ஸில் அது 50 கிராம். செகோந்தோ, வெந்த இறைச்சி ஆளுக்கு 80 கிராம். கொந்தோர்னோ 100. ரொட்டி 100. ஒவ்வொரு உணவையும் "அது மட்டும்தான் சாப்பாடு" என்ற கணக்கில் சமைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. பிரிமோவோடு எல்லோரும் புல்லில் சாய்ந்துவிடுவார்கள், தொன்னாத்தோ அப்படியே வீடு திரும்பும்.

25 மார்ச், மாலை 6.30 | நாப்போலி

ஃப்ரித்தாத்தா, விவரமாக.

உலர் ஸ்பகெத்தி 400 கிராம். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள், கடாயில் மறுபடி வேகும். முட்டை 6. துருவிய பார்மிஜானோ சீஸ் 60 கிராம். சலாமி 100 கிராம், சிறு கட்டங்களாக. புகைபோட்ட ஸ்கமோர்ட்ஸா சீஸ் 150 கிராம். மிளகு தாராளமாக, உப்பு கை அடக்கி (பார்மிஜானோவும் சலாமியும் ஏற்கெனவே உப்பு). கடாய் 26 செ.மீ., ஒட்டாதது. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பன்றிக் கொழுப்பு இருந்தால் ஒரு கரண்டி.

வடித்த பாஸ்தாவை ஒரு கரண்டி எண்ணெயில் பிரட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்ட பிறகே முட்டைக் கலவை. கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் முட்டை திரிந்து பொரியலாகிவிடும், பிடிப்புப் போகும். கடாயில் பாதி பாஸ்தா, நடுவில் சீஸும் சலாமியும், மேலே மீதி. தட்டி அழுத்துங்கள். சின்னத் தீயில் 12 நிமிடம். கடாயை ஆட்டினால் மொத்தமும் ஒரே வட்டமாக நகர வேண்டும், அதுதான் பதம். திருப்பிப் போட்டு இன்னும் 8 நிமிடம். கத்தியை நடுவில் குத்தி எடுத்தால் ஈரம் ஒட்டக் கூடாது. தடிமன் மூன்று செ.மீ. அளவுக்கு வரும்.

எங்கே கெடும்:

பச்சை மொட்ஸரெல்லா போட்டால் உள்ளே தண்ணீர் விட்டு, வெட்டும்போது உதிரும். ஸ்கமோர்ட்ஸா அல்லது ப்ரோவலா மட்டும்.

சூட்டோடு அலுமினியத் தாளில் சுற்றினால் ஆவி அடங்கி மொறுமொறுத்த தோல் நனைந்துபோகும். கம்பி வலையில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பிறகு சுற்றி ஃப்ரிட்ஜில்.

திருப்பும் இடம். ஒன்றரை கிலோ கனம். விளிம்பில்லாத தட்டையான மூடியை ஈரப்படுத்தி, கடாய் மேல் அழுத்திக் கவிழ்த்து, அப்படியே சறுக்கி உள்ளே விடுங்கள். கை நடுங்குமென்றால் அவனில் 180 டிகிரி, 25 நிமிடம். ருசி கொஞ்சம் குறையும், தரையில் கொட்டுவதற்கு மேல்.

26 மார்ச், மதியம் 1.05 | தொரினோ

வித்தெல்லோ தொன்னாத்தோ எங்கள் பியெமோந்தே பக்கத்துப் பண்டம், அதனால் கொஞ்சம் குறுக்கிடுகிறேன். இப்போது உணவகங்களில் மயோனைஸ் கலந்த சாஸ் கொடுக்கிறார்கள். வீட்டில் அடித்த மயோனைஸ் என்றால் பச்சை முட்டை. வெயிலுக்கு அது வேண்டாம். மயோனைஸ் சேராத பழைய முறைச் சாஸ் இதற்கே செய்தது போல இருக்கும்: வேகவைத்த மஞ்சள் கரு 4, எண்ணெய் வடித்த டூனா 200 கிராம், எண்ணெயில் ஊறிய நெத்திலி 5, உப்புக் கேப்பர் எனும் பூமொட்டு 25 கிராம் (கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தது), வினிகர் ஒரு மேசைக்கரண்டி, ஒலிவ் எண்ணெய் 50 மி.லி., இறைச்சி வெந்த சாறு ஆறேழு கரண்டி. எல்லாவற்றையும் மிக்ஸியில் மைய அரைக்கவும்.

இறைச்சி: கன்றின் ஜிரெல்லோ (பின்தொடைப் பகுதி), 900 கிராம் ஒரே துண்டாக. காரட், வெங்காயம், செலரி, பிரிஞ்சி இலை, ஒரு டம்ளர் வெள்ளை வைன் போட்ட தண்ணீர் லேசாகக் கொப்புளம் விடும்போது இறைச்சியை உள்ளே போட்டு, 45 முதல் 50 நிமிடம். தளதளவென்று கொதிக்கவிட்டால் நார் இறுகிச் செருப்புத் தோல். தெர்மாமீட்டர் இருந்தால் நடுப்பகுதி 62 டிகிரி வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தச் சாற்றிலேயே ஆறவிடுங்கள். வெளியே எடுத்து ஆறவைத்தால் மேற்பரப்பு காய்ந்து கறுக்கும்.

வெட்டுவது மறுநாள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு. 3 மி.மீ. சூட்டில் வெட்டினால் தூள்தூளாக உதிரும்.

26 மார்ச், மதியம் 1.40 | கேட்டவர் (மிலான்)

எங்களில் மூன்று பேர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள்.

26 மார்ச், மதியம் 2.10 | தொரினோ

பன்றியின் லோன்ஸா (முதுகு இறைச்சி) அல்லது வான்கோழி நெஞ்சு. சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம், இத்தாலிய வீடுகளிலேயே லோன்ஸா தொன்னாத்தா, தாக்கீனோ தொன்னாத்தோ வழக்கம், விலையும் குறைவு. சாஸ் அதேதான். ஆனால் வான்கோழிக்கு 62 டிகிரி போதாது, நடு 74 வர வேண்டும். லோன்ஸாவுக்கு 68 வரை போங்கள்.

28 மார்ச், இரவு 10.20 | நாப்போலி

முதல் வரைவைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு அபத்தம். முட்டையை எண்ணிப் பார்த்தீர்களா?

பாஸ்குவலீனாவில் முழுசாக 8, ரிகோத்தாவில் 2. ஃப்ரித்தாத்தாவில் 6. தொன்னாத்தோவில் 4. பஸ்தியேராவில் 7. மொத்தம் 27. ஆளுக்கு மூன்றுக்கு மேல்! ஈஸ்டர் என்றாலும் இது கோழிப்பண்ணைக் கணக்கு. முட்டை மட்டுமா, எல்லாமே மஞ்சளாக, எல்லாமே மெத்தென்று இருக்கும். மெனு போடும்போது உணவின் பெயரைப் பார்ப்பதைவிட உள்ளே போவதை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது மேல். ஒரே பொருள் இரண்டு கோர்ஸில் தலை காட்டலாம், மூன்றாவதில் கூடாது.

இதில் நாப்போலிப் பெருமையும் ஒரு பொறி. கசாத்தியெல்லோ, ஃப்ரித்தாத்தா, பஸ்தியேரா மூன்றையும் சேர்த்து எடுத்துப் போகச் சொல்லத்தான் கை பரபரத்தது. கசாத்தியெல்லோவில் சலாமி, சீஸ், முட்டை. ஃப்ரித்தாத்தாவிலும் சலாமி, சீஸ், முட்டை. ஒன்று ரொட்டி மாவில், மற்றது பாஸ்தாவில், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருத்தம்: பாஸ்குவலீனா வெளியே. அந்திபாஸ்தோவுக்குப் பச்சை ஃபாவா (ஒரு வகை அவரை), பெக்கொரீனோ (ஆட்டுப்பால் சீஸ்), சலாமி. சமையலே கிடையாது.

28 மார்ச், இரவு 11.05 | ஜெனோவா

பாஸ்குவலீனாவை ஈஸ்டர் மெனுவிலிருந்து தூக்குவதா? எங்கள் பக்கத்து லிகூரியாக்காரர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்க வேண்டியது ஃப்ரித்தாத்தாவை. பாஸ்குவலீனாவைப் பிரிமோவாக வையுங்கள், அது மாவுதானே.

400 கிராம் மாவு, 200 மி.லி. தண்ணீர், 40 மி.லி. எண்ணெய், உப்பு. பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்து, நான்கு உருண்டை. கை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக இழுக்க வேண்டும். கீழே இரண்டு அடுக்கு, மேலே இரண்டு, நடுநடுவே எண்ணெய்த் தடவல். இயேசு வாழ்ந்த 33 ஆண்டுக்காக 33 அடுக்கு என்பது பழைய வழக்கு. இன்று யாரும் செய்வதில்லை, நீங்களும் முயல வேண்டாம். 

உள்ளே பியெதோலா கீரை 1 கிலோ. வதக்கிப் பிழிந்தால் 400 கிராமுக்குள் வர வேண்டும், அதற்கு மேல் எடை இருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, துணியில் போட்டு மறுபடி முறுக்குங்கள். இந்த ஒரு இடத்தில் சோம்பினால் அடிமாவு சொதசொதவென்று போய் டப்பாவிலிருந்து எடுக்கவே வராது. அதோடு மாஜோரானா, நம் மருவேதான், ஒரு கைப்பிடி. சீஸ் ப்ரெஸ்கின்சோவா, லேசாகப் புளிக்கும் பால்கட்டி, லிகூரியாவுக்கு வெளியே கிடைப்பது அரிது. ரிகோத்தா 500 கிராமை இரவு முழுக்க வடிகட்டி, இரண்டு கரண்டி கெட்டித் தயிர் சேர்த்தால் அந்தப் புளிப்புக்குக் கிட்டே வரும்.

கரண்டி முதுகால் எட்டு குழி, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை உடைத்து ஊற்றி, மேல் அடுக்குகளால் மூடல். மூடும்போது ஓரத்தில் ஒரு ஸ்ட்ரா செருகி ஊதி, காற்றை அடைத்து ஓரத்தை முறுக்குவது வழக்கம். 180 டிகிரியில் 55 நிமிடம்.

வெட்டும்போது குழி இருந்த இடம் தெரியாது. வேகுமுன்பே ஓர மடிப்பில் எட்டு இடத்தில் கத்தியால் கீறி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பாதி மஞ்சள் கரு வெட்டுப்பட்டுத் தெரிந்தால்தான் அது பாஸ்குவலீனா.

29 மார்ச், காலை 7.50 | நாப்போலி

ஒப்புக்கொள்கிறேன், பிரிமோவாக வைத்தால் சரிப்படும். அப்படியானால் இரண்டு மெனு. வடக்கு வழி: ஃபாவாவும் சலாமியும், பாஸ்குவலீனா, தொன்னாத்தோ. தெற்கு வழி: ஃபாவாவும் சலாமியும், ஃப்ரித்தாத்தா, தொன்னாத்தோ. செகோந்தோ மட்டும் எப்படியும் பியெமோந்தேவிலிருந்து வரட்டும், ஆறிய இறைச்சியில் அதை மிஞ்ச ஆளில்லை.

ஃப்ரித்தாத்தா வழியில் போனால் அந்திபாஸ்தோவில் சலாமி வேண்டாம், ப்ரோஷூத்தோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை) வையுங்கள். நான் போட்ட விதிப்படி இரண்டில் வரலாம்தான், ஆனாலும் அடுத்தடுத்த கோர்ஸில் ஒரே சலாமி வேண்டாமே.

29 மார்ச், காலை 8.10 | நாப்போலி

ஃபாவா பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ஃபாவா தின்றால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தாலியில் சார்தீனியாவிலும் தெற்கிலும் இந்தக் குறைபாடு அதிகம். நம்மவர்களிடமும் உண்டு. எட்டுப் பேரிடமும், குறிப்பாகக் குழந்தைகளுக்காக, முன்கூட்டியே கேளுங்கள். ஒருவருக்கு இருந்தாலும் ஃபாவாவே வேண்டாம், முள்ளங்கியும் பெருஞ்சீரகக் கிழங்கும் எண்ணெய், உப்பில் தொட்டுத் தின்ன வையுங்கள்.

இல்லையென்றால் 2.5 கிலோ காய். உரித்தால் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். உரிக்காமலே கொண்டுபோங்கள். அவரவர் உரித்து, ஒரு பருப்பு, ஒரு துணுக்குப் பெக்கொரீனோ. மே 1 அன்று ரோமில் இதுதான் சடங்கு. அந்திபாஸ்தோ அரைமணி நேரம் நீள வேண்டும், அதற்கு இதைவிட வழி கிடையாது: கைக்கு வேலை, வாய்க்குக் கொஞ்சம். காய் விரலுக்குமேல் தடித்திருந்தால் உள்தோல் கசக்கும், கடையில் மெல்லிசாகப் பார்த்துப் பொறுக்குங்கள்.

2 ஏப்ரல், இரவு 8.25 | பலெர்மோ

கபோனாத்தா எண்டு ஒரு சொல்லோட விட்டுட்டீங்கள், அதுக்கு ஆரும் விளக்கம் சொல்லேல்லை. இஞ்ச பாஸ்குவெத்தா எண்டால் அருஸ்துத்தா, கரியில வாட்டுறது. நெருப்பில்லாமல் ஒருத்தரும் வெளிக்கிடமாட்டினம். ஆனா உங்களுக்கு நெருப்புத் தடை எண்டபடியால் கபோனாத்தா நல்ல தெரிவுதான்.

கத்தரிக்காய் 1 கிலோ, இரண்டரை செ.மீ. கட்டையா வெட்டி உப்புப் போட்டு அரை மணித்தியாலம். துடைச்சுப்போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாப் பொரியுங்கோ. எல்லாத்தையும் ஒரேயடியாச் சட்டியில கொட்டினா எண்ணெய் ஆறிப்போய்க் கத்தரிக்காய் முழுக்க எண்ணெயைக் குடிச்சுப்போடும். செலரி 250 கிராம், கொதிதண்ணியில மூண்டு நிமிசம். பெரிய வெங்காயம் 1, பச்சை ஒலிவ் 150 கிராம், கேப்பர் 40, தக்காளிப் பசாத்தா (அரைச்சு வடிச்ச தக்காளி) 200 மி.லி. இதுகளை வதக்கி, 70 மி.லி. வெள்ளை வினாகிரியில 35 கிராம் சீனி கரைச்சு ஊத்துங்கோ. மூக்கில ஏறுற மணம் போகுமட்டும், ரெண்டு மூண்டு நிமிசம். அடுப்பை நிப்பாட்டினாப் பிறகுதான் கத்தரிக்காய். அதுக்கு முதல் போட்டா கூழ்.

கத்தானியாக்காரர் குடைமிளகாயும் போடுவினம். பலெர்மோவில போடுறேல்லை. இதில சண்டை பிடிக்க நான் வரேல்லை.

சூடாச் சாப்பிடக் கூடாது. ரெண்டு நாளைக்கு முதலே செய்து வையுங்கோ. அலுமினியத் தட்டில மட்டும் வையாதேங்கோ, வினாகிரி அதை அரிச்சு உலோக ருசி வரும். கண்ணாடிப் போத்தல்தான்.

2 ஏப்ரல், இரவு 9.00 | தொரினோ

கபோனாத்தாவிலும் கேப்பர், தொன்னாத்தோவிலும் கேப்பர், இரண்டும் ஒரே தட்டில். நாப்போலியின் "இரண்டில் வரலாம்" விதிப்படி தப்பில்லை. ஆனாலும் தொன்னாத்தோ மேலே அலங்காரமாகத் தூவும் கேப்பரை விட்டுவிடுங்கள்.

6 ஏப்ரல், காலை 10.15 | நாப்போலி

ரொட்டி. இதைத்தான் எல்லோரும் கடைசியில் நினைப்பார்கள், அதற்குள் கடை மூடியிருக்கும். ஞாயிறு ஈஸ்டர், திங்கள் அரசு விடுமுறை. அன்று காலை சூடாக ஃபோக்காச்சா (எண்ணெய் விட்டுச் சுட்ட தட்டை ரொட்டி) வாங்கலாம் என்ற கனவு பல ஊர்களில் நடக்காது. சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும், அப்படியானால் இரண்டு நாள் தாங்கும் ரொட்டி. ஃபோக்காச்சா மறுநாளே தோலாகிவிடும். சன்னமான வெள்ளை ரொட்டிக்கும் அதே கதி. அல்தமூரா ரொட்டி, தடித்த மேலோடு, ரவை போன்ற துரும் கோதுமை மாவில் செய்தது, நாட்கணக்கில் இருக்கும். 1 கிலோ உருண்டை ஒன்று எட்டுப் பேருக்குத் தாராளம். வெட்டிய முகத்தைப் பலகையில் கவிழ்த்து, துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், மேலோடு நமத்துப் போகும்.

6 ஏப்ரல், காலை 10.40 | கேட்டவர் (மிலான்)

ஐந்து கோர்ஸ், எட்டுப் பேர். நாற்பது தட்டா?

6 ஏப்ரல், காலை 11.20 | நாப்போலி

எட்டுத் தட்டு. வரிசையை அதற்கேற்ப வைத்திருக்கிறது. ஃபாவாவும் சீஸும் கையில், தட்டு தேவையில்லை, தொலிக்கு ஒரு காகிதப் பை. பிரிமோ உலர்ந்தது, வில்லையாகத் தட்டில் வைத்தால் துணுக்கு மட்டும் மிஞ்சும். பிறகு அதே தட்டில் தொன்னாத்தோ, பக்கத்தில் கபோனாத்தா. இப்போது தட்டில் இரண்டு சாஸ். ரொட்டியைப் பிய்த்து அதை வழித்துத் தின்பதற்கு இத்தாலியில் ஸ்கார்பெத்தா என்று பெயர், குட்டிச் செருப்பு என்று அர்த்தம். விருந்து மேசையில் முகம் சுளிப்பார்கள், புல்வெளியில் அதுதான் பாத்திரம் கழுவும் முறை. தோல்சே காகித நாப்கினில்.

சாஸ் உள்ளதை முதலில் வைத்தால் மட்டும்தான் இரண்டாவது தட்டு தேடுவீர்கள்.

11 ஏப்ரல், இரவு 9.30 | நாப்போலி

பெட்டி அடுக்குவது. பரிமாறும் வரிசைக்குத் தலைகீழாக: கடைசியில் தின்பது அடியில், முதலில் தின்பது மேலே. ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரே தடவைதான் மூடி திறக்க வேண்டும். குளிர் காற்று கீழே இறங்கும், அதனால் ஐஸ் மேலேயும் வேண்டும், அடியில் மட்டும் போட்டுப் பயனில்லை. அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் நான்கு, கழுத்து வரை நிரப்பாமல், ஒரு நாள் முழுக்க உறைய வைத்தது. இரண்டு கீழே, இரண்டு மேலே. உருகினால் குடிக்கலாம்.

12 ஏப்ரல், காலை 6.55 | ஜெனோவா

உங்கள் கணக்குப்படி பஸ்தியேரா அடியில் போகிறது. அதன் தலையில் முக்கால் கிலோ இறைச்சியும் ஒன்றரை கிலோ ஃப்ரித்தாத்தாவும். ஏரிக்குப் போய்ச் சேரும்போது அது பஸ்தியேரா இல்லை, சுண்டல்.

12 ஏப்ரல், காலை 7.30 | நாப்போலி

சரி, மாட்டிக்கொண்டேன். இரண்டு பை. ஐஸ் பெட்டியில் அடியில் தொன்னாத்தோ, அதன்மேல் பிரிமோ, மேலே சீஸும் ப்ரோஷூத்தோவும். கபோனாத்தா போத்தல் மூலையில் நிமிர்ந்து நிற்கட்டும். தனிக் கூடையில் ரொட்டி, ஃபாவா, தோல்சே, தட்டுகள்.

இனிப்பையும் மறுபடி யோசித்தேன். பஸ்தியேரா ரிகோத்தா போட்டது, அதற்கும் ஐஸ் பெட்டியில்தான் இடம் வேண்டும். ஏழு முட்டை வேறு. நாள்பட ருசி ஏறும், பெரிய வியாழன் அல்லது வெள்ளியன்றே செய்து வைப்பார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பெட்டிக்கு அது பொருந்தாது. ஜாம் க்ரொஸ்தாத்தா (ஜாம் வைத்துச் சுட்ட டார்ட்) எடுங்கள். 24 செ.மீ., சுட்ட டின்னிலேயே கொண்டுபோகலாம், கூடையில் கிடக்கும், குளிர் கேட்காது. கூடவே ஈஸ்டரில் மிஞ்சிய கொலோம்பா கேக். எந்த இத்தாலிய வீட்டிலும் அன்று அது மிஞ்சியிருக்கும். தீரமிசு என்று யாராவது ஆரம்பித்தால், பச்சை முட்டை என்று ஒரே வார்த்தையில் முடியுங்கள்.

14 ஏப்ரல், மாலை 7.10 | தொரினோ

தொன்னாத்தோ சாஸைத் தனியாகக் கொண்டுபோய் அங்கே ஊற்றலாம் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். வேண்டாம். முந்தின இரவே அடுக்குங்கள்: டப்பா அடியில் சாஸ், இறைச்சி, சாஸ், இறைச்சி, மேலே சாஸ், அதன்மேல் படியும்படி பிளாஸ்டிக் தாள். இரவில் இறைச்சி சாஸை இழுத்துக்கொள்ளும், சாஸ் இறுகும். அதனால் அரைக்கும்போது தோசை மாவுப் பதத்தைவிட இளக்கமாக, கரண்டியிலிருந்து தடையில்லாமல் ஒழுகும்படி இருக்க வேண்டும். முன்பு சாறு ஆறேழு கரண்டி என்றேன், இதற்கு ஒன்பது பத்து போகும். அப்போது கெட்டியாக விட்டால் மறுநாள் சுவருக்குப் பூசலாம்.

17 ஏப்ரல், இரவு 10.00 | நாப்போலி

காப்பி. ஆளுக்கு 40 மி.லி., மொத்தம் 320. ஆறு கப் மோக்கா (அடுப்பில் வைக்கும் காப்பிப் பாத்திரம்) ஒருமுறையில் அதைத் தராது, இரண்டு தடவை வையுங்கள். தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும், தூளை அழுத்தக் கூடாது, சின்னத் தீ, உறுமத் தொடங்கியதும் இறக்கிவிட வேண்டும். பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் காப்பி. சர்க்கரையை வீட்டிலேயே சூட்டில் கரையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் காப்பி தட்டையாகிவிடும், எவ்வளவு நல்ல பிளாஸ்காக இருந்தாலும்.

வெயில் கடுமையாக இருந்தால் லெச்சே ஊர்ப் பாணி: டம்ளரில் ஐஸ், பாதாம் பால் இரண்டு கரண்டி, மேலே காப்பி. உறைந்த பாட்டில்களில் ஒன்றை அதற்காக உடைக்கலாம்.

19 ஏப்ரல், காலை 7.20 | கேட்டவர் (மிலான்)

தெற்கு வழி. செகோந்தோ வான்கோழி. ஜி6பிடி யாருக்கும் இல்லை, கேட்டாயிற்று. அல்தமூரா ரொட்டி வாங்கப் போகிறேன்.

19 ஏப்ரல், காலை 7.45 | பலெர்மோ

கபோனாத்தா இண்டைக்கே செய்யுங்கோ. நாளைக்கு எண்டு விடாதேங்கோ.

19 ஏப்ரல், காலை 8.00 | நாப்போலி

வான்கோழியும் இன்றே வேகட்டும். நாளை மதியம் வெட்டி அடுக்கல், நாளை இரவு ஃப்ரித்தாத்தா. திங்கள் காலை காப்பி மட்டும். ஃப்ரித்தாத்தாவை அங்கே போய் வெட்டுங்கள், வீட்டில் வெட்டினால் ஓரம் காயும். பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் கழித்து வெட்டினால் சீஸ் இளகியிருக்கும். ரொட்டி வெட்டும் பல் கத்தி மறக்க வேண்டாம், ஒரே கத்தி எல்லாவற்றுக்கும் போதும்.

10 ஆகஸ்ட் 2025, மாலை 5.30 | கேட்டவர் (மிலான்)

இதே இழையில் கேட்டுவிடுகிறேன். 15ஆம் தேதி ஃபெர்ரகோஸ்தோ (இங்கே கோடை விடுமுறை நாள்), கடற்கரை. 34 டிகிரி என்கிறார்கள். பிரிமோவுக்கு இன்சலாத்தா தி ரீஸோ (ஆறிய சோற்று சாலட்). ரிஸொத்தோவுக்கு வாங்கிய கார்னரோலி அரிசி மீதி இருக்கிறது, ஆகுமா?

10 ஆகஸ்ட், இரவு 8.15 | நாப்போலி

ஆகாது. கார்னரோலி மாவு விட்டுக் கொழகொழப்பதற்கென்றே இருப்பது. சாலடுக்கு இத்தாலியர்களே வாங்குவது 'பார்பாயில்ட்' என்று எழுதிய பாக்கெட். அதாவது புழுங்கலரிசி. நமக்குப் பழகியதுதான்: உதிர் உதிராக நிற்கும், ஆறினாலும் ஒட்டாது. ஆளுக்கு 60 கிராம். உப்புத் தண்ணீரில் நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்து, நடுவில் சிறு கடி இருக்கும்போதே வடித்து, பெரிய தாம்பாளத்தில் மெல்லிசாகப் பரப்பி ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறுங்கள்.

மெல்லிசாகப் பரப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோற்றில் பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகும்போதும் சாகாது. குவியலாகச் சூட்டோடு கிடந்தால் முளைத்து நஞ்சு விடும், திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜ். 34 டிகிரியில் இரண்டு மணி நேரக் கணக்கும் செல்லாது, பெட்டிக்கு வெளியே ஒரு மணி நேரம்தான். டூனா, ஒலிவ், எண்ணெயில் ஊறிய கூனைப்பூ எல்லாம் அன்று காலை கலக்கலாம். தக்காளி மட்டும் அங்கே போய், இல்லாவிட்டால் தண்ணீர் விடும்.

10 ஆகஸ்ட், இரவு 8.40 | பலெர்மோ

வடிச்ச சோத்தைப் பச்சைத் தண்ணியில அலசினா கெதியா ஆறும்தானே?

10 ஆகஸ்ட், இரவு 9.05 | நாப்போலி

ஆறும், நிறைய இத்தாலியர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உப்பு போகும், ஈரம் தங்கும், எண்ணெய் ஒட்டாது. தண்ணீர் ஊற்றியே தீருவேன் என்றால் கூடவே மோரும் சின்ன வெங்காயமும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நம்மிடம் வேறு பெயர் இருக்கிறது.